இலையில் சோறு ஓரத்துக்குப் போகும்போது: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

“அப்போ இனிமே சோறே சாப்பிட முடியாதா?”

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். வலிக்குமா, செலவு எவ்வளவு, உயிருக்கு ஆபத்து உண்டா என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தன. எங்களுக்குப் பாபநாசம் பக்கம். குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லை வைத்தே வருடத்தை எண்ணுகிற ஊர். இவளுக்கு இனி தனிச் சமையலா, பந்தியில் உட்காருவாளா, விருந்தாளிகளிடம் என்ன சொல்வது என்ற கவலை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

சாப்பிட முடியும். ஆனால் இலையின் நடுவில் இருந்த சோறு ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் இருந்த பருப்பும் முட்டையும் மீனும் நடுவுக்கு வரும். இந்த இடமாற்றத்தை நீங்களும் உங்களுக்குப் பரிமாறுகிறவர்களும் சேர்ந்து பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு சரியாக நடக்கும். நான்கு வருடத்துக்கு முன் எனக்கு இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தபோது 112 கிலோ இருந்தேன், உயரம் 155 செ.மீ. ஒன்றரை வருடத்தில் 80 கிலோவுக்கு வந்தேன். இப்போது 83. இதே பாதையில் புதிதாகக் காலடி வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா

எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனக்கு அது 46-க்கு மேல். ஆசியர்களுக்கு 37.5-க்கு மேல் இருந்தால், அல்லது 32.5-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவையும் இருந்தால் ஆபரேஷனை யோசிக்கலாம் என்பது நீண்ட காலமாக இருந்த அளவு. என் உயரத்துக்கு 37.5 என்றால் சுமார் 90 கிலோ, 32.5 என்றால் 78 கிலோ. 2022-ல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் இந்த எல்லைகளைக் கீழே இறக்கின. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. அதற்காக 27.5 வந்ததும் ஆபரேஷன் என்று யாரும் ஓட வேண்டாம். சாப்பாடு, நடை, மருந்து, எடை குறைக்க இப்போது வந்திருக்கும் ஊசிகள் எல்லாவற்றையும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது.

நம் பக்கத்தில் அதிகம் காதில் விழுவது இரண்டு வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல நீளமான குழாயாக விடுவார்கள். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி அதை இணைப்பார்கள். கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும் என்பதால் பலருக்குப் பைபாஸைச் சொல்வார்கள். உறவினர்களிடம் சொல்லும்போது “வயித்துல பைபாஸ்” என்று முழுசாகச் சொல்லுங்கள். வெறும் பைபாஸ் என்றால் இதயம் என்று நினைத்து ஊரே பதறிவிடும்.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதே மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்குச் சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், டயட்டீஷியன் ஒரு வருடம் வரைக்கும் கூட இருப்பாரா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் நான் செய்துகொள்ள மாட்டேன்.

காப்பீடு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, இந்த ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவற்றில் ஒன்று இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். எனக்கு முதல் முறை மறுத்துவிட்டார்கள். பழைய சீட்டுகளில் எடை எழுதியிருந்ததே தவிர உயரம் எழுதவில்லை. மருத்துவரிடம் உயரம், எடை, பி.எம்.ஐ., எத்தனை வருடச் சர்க்கரை என்று ஒரே கடிதத்தில் எழுதி வாங்கி மறுபடி அனுப்பிய பிறகுதான் கிடைத்தது. அதனால் இன்றிலிருந்தே ஒவ்வொரு சீட்டையும் ஒரு கோப்பில் சேருங்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆறு வாரம் முன்பிருந்தே பழக வேண்டியவை

பரிசோதனைகளுக்கு மருத்துவமனையே சீட்டு கொடுத்துவிடும். ரத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும். மனநல ஆலோசகரிடமும் அனுப்புவார்கள். என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்களோ என்று அன்றைக்கு எனக்கு மனசு சுருங்கியது. அப்படி இல்லை. கோபம் வந்தால் சாப்பிடுகிறேனா, தனியாக இருந்தால் சாப்பிடுகிறேனா என்று அந்த அம்மா கேட்டதைத்தான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். குறட்டை விடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் அதை முதலில் சரிசெய்வது மயக்க மருந்து கொடுக்கிறவருக்குப் பெரிய உதவி.

வீட்டில் பழக வேண்டியது மூன்று. ஒன்று, மெல்லுவது. நம்மில் பலர் சாம்பார் சாதத்தை மெல்லுவதே இல்லை, பிசைந்து உருட்டி விழுங்குகிறோம். ஒரு வாய்க்கு இருபது, இருபத்தைந்து முறை மென்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இரண்டு, இலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிடுவது. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். மூன்று, காபியில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வருவது. இந்த மூன்றையும் ஆபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், புண்ணான வயிற்றோடு புதுப் பழக்கமும் கற்க வேண்டி வந்து திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

பீடி, சிகரெட் கட்டாயம் நிறுத்த வேண்டும், குறைந்தது ஆறு வாரம் முன்பே. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைப் புகையிலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் சொல்கிறேன். சர்க்கரைக்காக எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிட்டாலோ, செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி போட்டாலோ மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் தனியாகச் சொல்லுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவுதான். புரோட்டீன் பவுடர் கலந்த பால், மோர், காய்கறிச் சாறு. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு ஏறி வீங்கி, இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அது சுருங்கிவிடும், லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, ஆபரேஷன் செய்கிறவருக்கு வழி கிடைக்கும். எனக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு வளைகாப்பு வந்தது. போகவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் போகாதீர்கள், பிறகு போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையிலும் திரும்பும் வழியிலும்

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்களில் உங்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். வயிற்றில் நான்கைந்து சின்னத் துளைகள், இரண்டு மூன்று நாள் படுக்கை. ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நடங்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதைத் தடுப்பது அந்த நடைதான். மூன்று பந்து உள்ள ஊதும் கருவி ஒன்று தருவார்கள், அதையும் விடாமல் செய்யுங்கள்.

திருச்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும்போது தஞ்சாவூரில் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தேன். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருகிறவர்கள் மணிக்கு ஒரு முறை இறங்க வேண்டும். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்: உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், வயிற்றிலோ இடது தோளிலோ கூடிக்கொண்டே போகும் வலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கறுப்பாக மலம் போவது, தண்ணீர் கூட உள்ளே நிற்காமல் போவது. தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் இப்படித்தான் தெரியவரும். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள், மூச்சுத்திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள்.

கஞ்சி கொண்டு வருகிறவர்கள்

முதல் ஓரிரு நாள் தண்ணீரும் தெளிந்த திரவங்களும்தான். அப்புறம் சுமார் இரண்டு வாரம் எல்லாத் திரவங்களும், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அதற்கடுத்து மென்மையானது, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சாதாரணச் சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

நம் வீட்டுச் சமையலறையில் இந்தத் திரவ வாரங்களுக்கு வேண்டியது நிறையவே இருக்கிறது. மிளகாய் குறைத்த ரசத்தின் தெளிவு, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், எலும்புச் சாறு, இளநீர் கொஞ்சம். ஒரு வாய் என்பது சங்கில் குழந்தைக்குப் புகட்டுகிற அளவு. நான் பால் டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு 30 மில்லி மருந்து மூடியை எடுத்துக்கொண்டேன். கால் மணிக்கு ஒரு மூடி என்றால் மணிக்கு 120 மில்லி, பதினைந்து மணி நேரத்தில் 1.8 லிட்டர். தினமும் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் வேண்டும் என்பதற்கு இதுவே போதும். டம்ளரைத் தூக்கி மடமடவென்று குடிப்பது இனி கிடையாது. சித்திரை, வைகாசி வெயிலில் இதை மறந்தால் ஒரே நாளில் தலைசுற்றி விழுவீர்கள்.

சிக்கல் அன்பானவர்களிடமிருந்து வரும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கஞ்சி கொண்டு வருவார்கள். நொய்க் கஞ்சி, பழைய சோற்று நீராகாரம், சத்துமாவுக் கஞ்சி. காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கைகொடுத்த சாப்பாடு, அதனால் இதற்கும் கைகொடுக்கும் என்று நம்புகிறார்கள். ஆனால் சோற்றுக் கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. ஆறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை என்றே சொல்லலாம். ஒரு டம்ளர் கொள்ளும் வயிற்றைக் கஞ்சியால் நிரப்பினால் புரதத்துக்கு இடமிருக்காது. தசை கரையும், முடி கொட்டும், சோர்வு வரும். என் மாமியாரிடம் இதை நான் நான்கு முறை சொன்னேன், நடக்கவில்லை. டயட்டீஷியன் போனில் ஒரு முறை சொன்னார், நடந்தது. வீட்டில் யார் கையில் கரண்டி இருக்கிறதோ அவரை ஆபரேஷனுக்கு முன்பே டயட்டீஷியனிடம் அழைத்துப் போங்கள்.

ஒரு நாளைக்கு 60 கிராம்

புரதம் தினமும் 60-லிருந்து 80 கிராம் என்பதுதான் இனி உங்கள் கணக்கு. முட்டை ஒன்றில் 6 கிராம். 200 மில்லி பாலில் ஆறரை. புரோட்டீன் பவுடர் ஒரு கரண்டியில் 24 கிராம் அளவுக்கு இருக்கும், டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்த மீன் 100 கிராமில் சுமார் 20. பனீர் 100 கிராமில் 18. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் எட்டு, ஒன்பது.

மசித்த உணவுக் கட்டத்தில் நான் சாப்பிட்டது: பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து உப்பும் சீரகமும் போட்டு இரண்டு மேசைக்கரண்டி, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த கெட்டித் தயிர், ஈரமாகக் கிளறிய முட்டை. அப்புறம் மீன். நாகப்பட்டினம் கடலிலிருந்து வருகிற சங்கராவோ, குளத்து விராலோ, முள் நீக்கி, குழம்பின் எண்ணெயை ஒதுக்கி, விரலால் நசுக்கிச் சாப்பிடலாம். மத்தியும் நெத்திலியும் நல்லவைதான், ஆனால் முள் அதிகம் என்பதால் இரண்டு மாதம் போகட்டும். கோழி பலருக்குத் தாமதமாகத்தான் ஒத்துக்கொள்ளும், உலர்ந்த நெஞ்சுக்கறி நெஞ்சிலேயே நிற்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் 60 கிராம் முடியும், கொஞ்சம் திட்டம் வேண்டும், அவ்வளவுதான். காலையில் பாலில் புரோட்டீன் பவுடர், மதியம் பனீரும் கெட்டிப் பருப்பும், சாயங்காலம் சுண்டல், ராத்திரி மீல்மேக்கர் அல்லது பாசிப்பயறு. நவராத்திரிக்கு மட்டும் செய்கிற சுண்டலை எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நான்கு நாள் செய்கிறோம். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது.

சோறு திரும்பி வரும்போது

எனக்குச் சோறு திரும்பியது எட்டாவது வாரத்தில். இரண்டு ஸ்பூன். அன்றைக்கு மாமியார் அழுதுவிட்டார்.

மூன்றாவது ஸ்பூனில் மாட்டிக்கொண்டது. குழைந்த சோறு சுலபமாக இறங்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம், உண்மையில் அது உள்ளே ஒட்டி உருண்டையாகிவிடும். நெஞ்சு நடுவில் கல் வைத்தது போல ஒரு அழுத்தம், வாயில் நுரை நுரையாக எச்சில். அப்போது தண்ணீர் குடிக்காதீர்கள், அடைத்த வாய்க்காலில் மேலும் தண்ணீர் விட்டது போலத்தான் ஆகும். எழுந்து நின்று மெதுவாக நடங்கள், தானாக இறங்கும் அல்லது வெளியே வந்துவிடும். அன்று முழுக்கத் திரவத்துக்குத் திரும்புங்கள். சோறு உதிரியாக இருக்கட்டும், முதலில் புரதத்தையும் அடுத்து காயையும் முடித்துவிட்டு கடைசியில் இடம் இருந்தால் சோறு. மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்களை மெல்லாமல் விழுங்கவே முடியாது என்பதால் எனக்கு அவை ஒத்துக்கொண்டன. ஆனால் அதுவும் சோறுதான், அளவு அதே இரண்டு மூன்று ஸ்பூன்.

இனிப்பு வேறு கதை. அதிலும் பைபாஸ் செய்தவர்கள் பாயசத்தையோ திருவையாற்று அசோகாவையோ கிண்ணமாகச் சாப்பிட்டால், சர்க்கரை நேரே குடலுக்குள் கொட்டி, அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று புரட்டிப் போட்டுவிடும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிக் கை நடுங்கும். முறுக்கு, மிக்சர், காராசேவு இப்படித் தொந்தரவு செய்யாது. தொந்தரவே செய்யாமல் சுலபமாக இறங்குவதுதான் அவற்றில் ஆபத்து. மூன்றாவது வருடத்தில் எனக்குத் திரும்பி வந்த மூன்று கிலோ முழுக்கச் சாயங்காலக் காராசேவிலிருந்து வந்ததுதான். சோடா வகைகள் வேண்டாம், பன்னீர் சோடாவும் சேர்த்துத்தான். மது குடிக்கிறவர்களுக்கு முன்பு தாங்கிய அளவில் ஒரு பங்கே இப்போது தலைக்கு ஏறிவிடும், பழக்கமாகவும் மாறிவிடக்கூடும், நிறுத்திவிடுவதே நல்லது.

மாத்திரைகள், ஆயுசு முழுக்க

எடை குறைந்ததும், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் கையைப் பிடித்துக் கெஞ்சிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். வெட்டியெடுத்த இரைப்பையும் தாண்டிவிட்ட குடலும் இனி சத்துகளை முன்பு போல எடுத்துக்கொடுக்காது. மல்டிவிட்டமின், பி12, விட்டமின் டி, இரும்புச் சத்து, கால்சியம் சிட்ரேட் தினமும் 1200-லிருந்து 1500 மில்லிகிராம். கால்சியத்தை ஒரே தடவையில் போட்டால் உடம்பு ஏற்காது, இரண்டு மூன்றாகப் பிரியுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். டிகிரி காபிக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவிலும் இடைவெளி வேண்டும், காபி இரும்பை உடம்பில் சேர விடாது. நான் இரும்பை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன். பித்தப்பையில் கல் வராமலிருக்க முதல் ஆறு மாதத்துக்கு ஒரு மாத்திரையும் பலருக்குக் கொடுப்பார்கள். எடை வேகமாகக் குறையும்போது கல் சேர வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனை மூன்று, ஆறு, பன்னிரண்டாவது மாதங்களில், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை.

இன்னொன்று. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்தால், பக்கத்துக் கிளினிக்கில் போய் “ஒரு குளுக்கோஸ் ஏத்திக்கிறேன்” என்று உட்காராதீர்கள். வாந்தியால் உடம்பில் தயமின் என்ற பி1 விட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தடுமாறுவது, பேச்சில் குழப்பம் இதற்கு அடையாளங்கள். “எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, முதல்ல தயமின் போடுங்க” என்ற வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்யட்டும்.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். எனக்கு இரண்டாவது வருடம் முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்கில் அசிக்ளோஃபெனாக் கொடுத்தார்கள், ஆபரேஷனைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வயிறு எரிந்து, எண்டோஸ்கோப்பி வரை போய்விட்டது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்குப் புண் வந்துவிடும். பாராசிட்டமால் போடலாம். நடவு, அறுப்பு நாட்களில் மெடிக்கலில் “இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை” என்று வாங்கி விழுங்கும் பழக்கம் நம் பக்கத்தில் சாதாரணம் என்பதால், ஆபரேஷன் வகையும் தேதியும் வேண்டாத மருந்துகளும் எழுதிய ஒரு அட்டையை இப்போது பர்ஸில் வைத்திருக்கிறேன்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிறவர்கள் இதைக் கேளுங்கள். எடை குறைவதற்கு முன்பே, முதல் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். பழைய அளவு இன்சுலினைப் போட்டால் மயங்கி விழுவீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துத் தினமும் பார்த்து, மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறையுங்கள். சஷ்டி, ஏகாதசி விரதமும் ரமலான் நோன்பும் முதல் வருடத்தில் வேண்டாம். அதற்குப் பிறகும் கேட்டுவிட்டுத்தான்.

முடி, தோல், ஊர்ப்பேச்சு

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரைக்கும் முடி கொத்துக் கொத்தாக வரும். உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சியால் முடி தற்காலிகமாக உதிர்வது அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும், எனக்கு ஒரு வருடத்தில் முளைத்தது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். உடற்பயிற்சி தசையைக் காக்கும், தோலை முழுக்க இறுக்காது. நடுவில் இரண்டு மூன்று வாரம் எடை முள் அசையாமல் நிற்கும், அப்போது வெயிங் மிஷினைப் பரணில் போடுங்கள்.

ஊர் பேசும். “என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட, சுகர் முத்திப்போச்சா?” என்று கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். சிலர் வேறு நோய்ப் பெயர்களையும் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். முதலில் மறைத்தேன், பிறகு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கேள்விகள் குறைந்தன. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் ஒரே பதிலாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இளம் பெண்களுக்கு ஒன்று. எடை குறையத் தொடங்கியதும் மாதவிலக்கு ஒழுங்காகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12-லிருந்து 18 மாதம் வரைக்கும் கரு வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் உங்கள் உடம்புக்கே சத்து போதாத காலம் அது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். “எப்போ விசேஷம்” என்று கேட்கிற மாமியார்களிடம் இந்தக் கணக்கைக் கணவர் சொல்லட்டும்.

பந்தியில்

கல்யாணப் பந்திக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு முட்டையோ கொஞ்சம் பனீரோ சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு பந்தியில் உட்காராதீர்கள். முதல் பந்தியின் அவசரத்தில் மெல்ல முடியாது, கடைசிப் பந்திக்குக் காத்திருங்கள், பரிமாறுகிறவர்களும் அப்போது நின்று கேட்பார்கள். குழந்தைக்குப் போடுகிற நுனி இலைத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். முழு இலையில் இரண்டு ஸ்பூன் சோறு இருந்தால் காலியாகத் தெரியும், கரண்டியோடு ஓடி வருவார்கள். சின்ன இலை நிறைந்து தெரியும். சாதம் வரும்போது இலை மேல் கையை விரித்து “போதும்ணே, பருப்பு மட்டும் இன்னும் கொஞ்சம்” என்று கேளுங்கள். வேண்டாம் என்ற சொல்லை மட்டும் சொன்னால் நம் ஊரில் விட மாட்டார்கள், வேறு ஒன்றைக் கேட்டால் அதை எடுத்துவர நகர்ந்துவிடுவார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்குத் தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டுதான் போகிறோம். என் டப்பாவில் சுண்டலும் முட்டையும் இருக்கும், அதை முதலில் முடிப்பேன். காப்பரிசி ஊறிய பச்சரிசி என்பதால் பிரசாதமாகப் பத்துப் பருக்கை, வாயிலேயே கரையும் வரை மென்று. அப்புறம் தயிர் சாதம் இரண்டு ஸ்பூன். தண்ணீர் பாட்டிலை மாமியார் தன் பையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் ஆனதும் அவரே எடுத்துக் கொடுக்கிறார்.